ஒன்பது கொம்புகள் சொன்ன ‘வேண்டாம்’

நெடுங்காட்டில் இரண்டு சபைகள் இருந்தன. ஒன்று கீழ்சபை, இன்னொன்று மேல்சபை.

கீழ்சபை நாவல் மரத்தடியில் கூடும். பன்றிகள், முயல்கள், காட்டெருமைகள், வளையில் வாழ்பவர்கள் என்று ஒவ்வொரு கூட்டமும் வருஷத்துக்கு ஒருமுறை தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பும். ஒழுங்காக வேலை செய்யாதவர் அடுத்த வருஷம் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அதனால் அங்கே எப்போதும் சத்தமும் சண்டையுமாக இருக்கும். ஆனால் வேலை நடக்கும்.

மேல்சபை மலைச்சரிவில் இருந்தது. அங்கே சத்தமே கிடையாது. பன்னிரண்டு கற்கள், பன்னிரண்டு கடமான் குடும்பங்கள். அப்பாவின் கல் மூத்த மகனுக்கு, அவனுடைய கல் அவனுடைய மூத்த மகனுக்கு. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பிறந்தால் போதும். பெண்மானுக்குக் கொம்பு முளைக்காது, ஆகவே கல்லும் கிடையாது. கல்லுக்குப் பக்கத்திலேயே நல்ல உப்பு மண் இருந்தது. அதை நக்கும் உரிமையும் அந்தப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மட்டும்தான்.

இந்தப் பெருமை சும்மா வந்ததல்ல. எப்போதோ ஒரு காலத்தில் காட்டில் தீ பிடித்தபோது பன்னிரண்டு கடமான்கள் குளம்பு வெந்துபோக மிதித்து அதை அணைத்தன. காடே கூடி அவர்களுக்குக் கல் கொடுத்தது. அது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் மிதித்தவர்கள் அந்தப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய பேரனுக்குப் பேரனுக்குப் பேரன் மிதித்தது உப்பு மண்ணைத்தான்.

சரி, வேலை எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்களா? கீழ்சபை ஒரு விஷயத்தைப் பேசி முடித்து, அதைக் கேள்வியாக்கி மேலே அனுப்பும். கேள்வி கேட்பது கௌரவக் குறைச்சல் என்று கடமான்களே ஒதுக்கிவிட்டிருந்தார்கள். பதில் சொல்வது மட்டும்தான் அவர்கள் வேலை. வாலப்பர் என்ற குரங்கு அந்தச் சபைக்குச் செயலர். அவர் ஒவ்வொரு கல்லின் முன்னாலும் நின்று கேள்வியைப் படித்து, “வேண்டுமா?” என்று கேட்பார். வேண்டும் என்றால் அங்கிருந்த மரத்தின் இடது பொந்தில் ஒரு புளியங்கொட்டை, வேண்டாம் என்றால் வலது பொந்தில் ஒரு புளியங்கொட்டை. எதில் அதிகமோ அதுவே முடிவு.

இதில் ஒரு வேடிக்கையான வழக்கம் நுழைந்திருந்தது. கடமானுக்கு வருஷம் ஒருமுறை கொம்பு உதிரும், பிறகு புதிதாக முளைக்கும். முன்னொரு காலத்தில் கொம்பு உதிர்ந்த ஒருவர், மொட்டைத் தலையோடு சபைக்கு வர வெட்கப்பட்டு, உதிர்ந்த கொம்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். பாவம், ஒருநாள்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷம் நாலு பேர் வைத்தார்கள். பிறகு அது சட்டமாகிவிட்டது. கல்லின்மேல் கொம்பு இருந்தால் அவர் சபையில் இருக்கிறார் என்று பொருள்.

கொம்பு பேசாதே, என்ன செய்வது? அதற்கும் ஒரு விதி போட்டார்கள். கொம்பு பத்து எண்ணும்வரை மௌனமாக இருந்தால் அது ‘வேண்டாம்’ என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும். எதையும் மாற்றாமல் இருப்பதுதானே பெரியவர்களுடைய விருப்பம் என்று காரணமும் சொன்னார்கள்.

இப்படியாக நம் கதை நடந்த வருஷத்தில், பன்னிரண்டு கற்களில் ஒன்பதில் கொம்புதான் இருந்தது. அவற்றில் எட்டின் சொந்தக்காரர்கள் கீழே ஆற்றங்கரையில் பச்சைப் புல் மேய்ந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் கல்லின் குடும்பமோ நாலு தலைமுறைக்கு முன்பே புலி வாயில் போய் அற்றுப்போயிருந்தது. அந்தக் கொம்பில் பாசி பிடித்து, அடியில் ஓணான் குடியிருந்தது. அதுவும் தவறாமல் ‘வேண்டாம்’ சொல்லிக்கொண்டிருந்தது.

நேரில் வருபவர்கள் மூன்றே பேர். ஒருவர் பெருங்கோடன், சபைத் தலைவர். கம்பீரமானவர், ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை. இன்னொருவர் கவையன், அதிகம் பேசாதவர், கேட்டதை யோசித்துப் பார்க்கும் சுபாவம். மூன்றாமவர் உப்பு மண்ணுக்காக வரும் ஒரு கிழவர். பெருங்கோடன் என்ன சொல்கிறாரோ அதையே அவரும் சொல்லிவிட்டு மறுபடி நக்கப் போய்விடுவார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மாசி மாதத்திலேயே காடு காய்ந்துவிட்டது. மேல்சபைக்குக் கீழே கொம்பர் மேடு என்று ஒரு பெரிய புல்வெளி உண்டு. அது கடமான்களுக்கு மட்டும் உரியது, வேறு யாரும் வாய் வைக்கக் கூடாது. எட்டுக் குடும்பங்கள் ஆற்றங்கரைக்குப் போய்விட்டதால் அங்கே மேய ஆளில்லை. புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, காய்ந்து, பள்ளத்து மூங்கிலிலிருந்து மேலே வளைகள் இருக்கும் சரிவுவரை சருகாய்க் கிடந்தது.

அந்தச் சரிவில்தான் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். வளையில் வாழ்பவர்கள் தேர்ந்தெடுத்துக் கீழ்சபைக்கு அனுப்பியது அவளைத்தான். அந்த மாசியில் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. முள் இன்னும் கெட்டிப்படாத குட்டிகள், நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடும். போன வருஷம் பக்கத்து மலையில் தீ பிடித்தபோது ஓடக்கூடியவர்கள் ஓடிவிட்டார்கள். வளையில் இருந்தவர்கள் புகையில் மூச்சு முட்டி உள்ளேயே செத்துப்போனார்கள். அது ஞாபகம் வந்த ஒவ்வொரு முறையும் முள்ளாயி குட்டிகளை முகர்ந்து பார்த்துக்கொண்டாள்.

அவள் கீழ்சபையில் எழுந்து, மேட்டின் நடுவே இருபது முழ அகலத்துக்குப் புல்லை அகற்றி வெறும் மண்ணாக்கிவிட வேண்டும் என்றாள். தீ வந்தால் அங்கே தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுவிடும். கட்டைமூக்கன் என்ற பன்றிதான் அந்தச் சபைக்குத் தலைவர். அவர் ஓட்டெடுத்தார். ஒருவர்கூட மறுக்கவில்லை. கேள்வி மேலே போனது.

“கொம்பர் மேட்டில் புல்லை அகற்ற வேண்டுமா?” என்று வாலப்பர் படித்தார்.

கவையன் வேண்டும் என்றார். பெருங்கோடன் வேண்டாம் என்றார். கிழவரும் வேண்டாம் என்றார். ஒன்பது கொம்புகளின் முன்னாலும் வாலப்பர் நின்று பொறுமையாகப் பத்துப் பத்தாக எண்ணினார். வலது பொந்து நிறைந்தது.

முள்ளாயி பெருங்கோடனிடம் போய் நின்றாள். “ஐயா, என் குட்டிங்களுக்கு இன்னும் ஓடத் தெரியாது. எங்க சரிவுல நாப்பது வளை இருக்கு. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

“யோசிப்பதற்காகத்தானே இந்தச் சபையே இருக்கிறது, முள்ளாயி!” என்றார் பெருங்கோடன். அவர் குரலில் கோபமில்லை. “உங்கள் சபையில் இன்றைக்கு ஒரு பயம், நாளைக்கு ஒரு ஆசை. அடுத்த வருஷம் ஓட்டு வாங்க வேண்டுமே என்ற கவலை வேறு. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் நிதானமாக, நாலு தலைமுறைக்கும் சேர்த்து யோசிக்கிறோம்.”

“நீங்க யோசிக்கிறீங்க, சரி. ஏழாம் கல்லுல யாரு யோசிக்கிறாங்க?”

பெருங்கோடன் பாசி பிடித்த கொம்பைப் பார்த்தார். “அது மரபு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

முள்ளாயி வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். அவள் புருஷன் சிரித்தான். முள்ளம்பன்றிகளுக்கு உதிர்ந்த கொம்பைக் கண்டால் வாய் ஊறும், கரகரவென்று கடித்துத் தின்றுவிடும். “இவ்வளவுதானா? நாலு பேரு போனா ஒன்பது கொம்பையும் முடிச்சிட்டு வந்துடலாம். அப்புறம் எது வேண்டாம்னு சொல்லும்?” என்றான்.

உண்மையைச் சொன்னால், முள்ளாயிக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டாள். தின்றால் திருடர்கள் என்பார்கள். அடுத்த வருஷம் புதுக் கொம்பு உதிரும், அதைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் சொன்ன நியாயமெல்லாம் திருட்டுக்குச் சொன்ன சாக்கு என்று ஆகிவிடும் என்றாள். புருஷனும் யோசித்துப் பார்த்து, அவள் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டான்.

கீழ்சபை விடவில்லை. அதே கேள்வியை இரண்டாம் முறையும் அனுப்பியது. இரண்டாம் முறையும் அதே பதில். கூட வந்த முயலும் கட்டைமூக்கனும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முள்ளாயிக்கு மட்டும் கால் எழவில்லை. பசி, கோபம், அலுப்பு. ஒரு புதர் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதனால்தான் இதுவரை கீழ்சபையில் யாரும் கேட்டிராத ஒன்று அவள் காதில் விழுந்தது.

வேலை முடிந்ததும் வாலப்பர் வழக்கம்போல ஒவ்வொரு கல்லாகப் போய்க் கடைசிக் கேள்வியைக் கேட்டார். “இன்றைய கூட்டம் இன்னும் தொடர வேண்டுமா?” கொம்புகள் மௌனமாக இருந்தன. ஒன்பது ‘வேண்டாம்’. கூட்டம் கலைந்தது, எல்லோரும் மேயப் போனார்கள்.

முள்ளாயிக்கு ஏதோ உறைத்தது. ஓடிப்போய் வாலப்பரை நிறுத்தினாள். “ஏங்கய்யா, கூட்டத்தை முடிக்கலாமான்னுதானே கேக்கணும்? நீங்க ஏன் தொடரணுமான்னு கேக்குறீங்க?”

வாலப்பர் அலுத்துக்கொண்டார். “எங்க தாத்தா காலத்துல முடிக்கலாமான்னுதாம்மா கேட்டாங்க. கொம்பெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. விதிப்படி கூட்டத்தை முடிக்க முடியல. மூணு நாள் வெயில்ல நின்னாங்களாம். அப்புறம்தான் கேள்வியைத் திருப்பிப் போட்டாங்க. கொம்புக்கு என்ன கேள்வின்னு தெரியுமா? எதைக் கேட்டாலும் வேண்டாம்தான்.”

முள்ளாயி சரிவில் இறங்கியபோது அவளுக்குப் பசி தெரியவில்லை. அலுப்பும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் காட்டில் எல்லோரும் தங்களுக்கு வேண்டியதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேண்டாததைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை!

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் அவள் தன் யோசனையைச் சொன்னதும் கட்டைமூக்கன் தரையில் புரண்டு புரண்டு சிரித்தார். முயலுக்கு மட்டும் உறுத்தலாக இருந்தது. இது ஏமாற்று வேலை ஆகாதா என்று கேட்டது.

“ஏமாத்தறதா இருந்தா மறைக்கணும்” என்றாள் முள்ளாயி. “நாம என்ன கேக்கப் போறோம்னு ஏழு நாள் முன்னாடியே எல்லாருக்கும் சொல்லி அனுப்புவோம். வந்து, வாயைத் திறந்து, வேணும்னு சொல்றவங்க சொல்லட்டும். யாரும் தடுக்கல.”

அப்படியே மூன்று கேள்விகளைத் தயார் செய்தார்கள். மரங்கொத்தி ஆற்றங்கரைக்குப் பறந்துபோய் அங்கிருந்த எட்டுப் பேரிடமும் அவற்றை ஒரு எழுத்து விடாமல் சொன்னது. சபையைப் பற்றியே கேள்வி வருகிறது, அவசியம் வாருங்கள் என்றும் சொன்னது. அவர்கள் வாயிலிருந்த புல்லை மென்றபடி தலையை அசைத்தார்கள். இந்த வெயிலில் யார் மலை ஏறுவது? கொம்புதான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்றார்கள்.

பெருங்கோடனுக்கும் செய்தி போனது. அவர் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் புன்னகைத்தார். பன்னிரண்டில் ஒன்பது எப்போதும் நம் பக்கம்தானே என்ற நம்பிக்கை. எந்தப் பக்கம் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

ஏழாம் நாள் காலையில் காடே மலைச்சரிவில் கூடிவிட்டது. வாலப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைப் படித்தார். “கொம்பர் மேட்டில் காய்ந்த புல் இப்படியே நிற்க வேண்டுமா?”

பெருங்கோடன் வேண்டும் என்றார். கிழவரும் வேண்டும் என்றார். கவையன் வேண்டாம் என்றார். பிறகு வாலப்பர் ஒன்பது கொம்புகளிடம் போனார். பத்துப் பத்தாக எண்ணினார். வலது பொந்தில் ஒவ்வொரு புளியங்கொட்டையாக விழுந்தது.

“வேண்டும், இரண்டு. வேண்டாம், பத்து” என்று அறிவித்தார் வாலப்பர். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “ஆகவே புல் நிற்க வேண்டாம் என்று சபை முடிவு செய்கிறது.”

கூட்டத்தில் ஒரே ஆரவாரம். பெருங்கோடன் திகைத்துப்போனார். அடுத்த கேள்வி என்ன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “சபையை ஒத்திவைக்கக் கோருகிறேன்!” என்றார். மேல்சபையினர் தாமாகக் கோரக்கூடியது அது ஒன்றுதான்.

“ஆகட்டும் ஐயா” என்று வாலப்பர் மறுபடி முதல் கல்லிலிருந்து தொடங்கினார். “சபையை ஒத்திவைக்க வேண்டுமா?”

கொம்புகள் மௌனமாக இருந்தன. ஒத்திவைக்க வேண்டாம் என்று முடிவாயிற்று.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பெருங்கோடனைப் பார்க்க எனக்கே பாவமாகத்தான் இருக்கிறது. நேர்மையாக வாழ்ந்தவர், தன் நண்பர்களே தன்னைக் கைவிட்டதுபோல அந்தக் கொம்புகளை மாறி மாறிப் பார்த்தார்.

வாலப்பர் இரண்டாம் கேள்வியைப் படித்தார். “இந்தப் பன்னிரண்டு கற்களும் இனிமேலும் பிறப்பால் மட்டுமே சொந்தமாக வேண்டுமா?”

“வேண்டும்” என்றார் பெருங்கோடன். கிழவர் உப்பை நக்கிக்கொண்டே தலையாட்டினார். கவையன் தன் கல்லைக் குனிந்து பார்த்தார். அவருக்கும் அது அப்பா விட்டுப்போன கல்தான். பிறகு நிமிர்ந்து, “வேண்டாம்” என்றார்.

வாலப்பர் முதல் கொம்பை நோக்கி நடந்தார். பெருங்கோடன் குறுக்கே பாய்ந்தார். “நிறுத்துங்கள் வாலப்பரே! அவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்!”

“சொல்லமாட்டார்கள் என்றால் வேறு எப்படிச் சொல்வார்கள் ஐயா? கேட்டுப் பார்க்கிறேன்.”

“அவர்களுக்குக் கேள்வியே தெரியாது! அவர்கள் இங்கே இல்லை! அது வெறும் கொம்பு!”

சரிவு முழுக்க எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓணான்கூட ஏழாம் கல்லின் அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. பெருங்கோடனுக்குத் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. அவர் மெல்ல விலகி நின்றார்.

முள்ளாயி முன்னால் வந்தாள். கேலி செய்ய நல்ல சமயம்தான், ஆனால் அவள் செய்யவில்லை. “ஐயா, அதைத்தான் நாங்களும் சொல்றோம். இது வெறும் கொம்புன்னா, போன ரெண்டு தடவையும் என் குட்டிங்க சாகலாம்னு சொன்னது யாரு?”

வாலப்பர் எண்ணி முடித்தார். இரண்டுக்குப் பத்து. கடைசிக் கேள்வி, வராதவரின் கொம்பை இனிமேலும் வந்தவராக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது. அதற்கும் ஒன்பது கொம்புகளும் மௌனமாக இருந்து, தங்களைத் தாங்களே சபையிலிருந்து அனுப்பிவைத்தன. இந்த முறை பெருங்கோடனும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

அன்று மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. பன்றிகள் மூக்கால் வேரோடு கிளறின. காட்டெருமைகள் மிதித்தன. முயல்கள் அறுத்துப் போட்டதை மற்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டே நாளில், மேட்டின் குறுக்கே இருபது முழ அகலத்துக்குச் செம்மண் தெரிந்தது.

வேலை நடந்துகொண்டிருந்த எட்டாம் நாள் ஆற்றங்கரைக்காரர்கள் மூச்சிரைக்க மலை ஏறி வந்தார்கள். யாரைக் கேட்டு எங்கள் புல்லில் கை வைத்தீர்கள், யார் எங்கள் கல்லைப் பறித்தது என்று குதித்தார்கள்.

வாலப்பர் பணிவாக, “நீங்கள்தான்” என்றார். “அன்றைக்குச் சபையில் இருந்தீர்களே ஐயா. இதோ, இந்தக் கல்லின்மேல். வேண்டாம் என்று சொன்னீர்கள். கொட்டை போட்டது நான்தான்.”

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருந்தோம் என்றால் சொன்னதும் உண்மையாகும். இல்லை என்றால் இத்தனை வருஷமும் பொய்யாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு இறங்கிப் போனார்கள்.

சித்திரை பிறந்து நாலாம் நாள், உச்சி வெயிலில் பள்ளத்து மூங்கிலில் தீ பிடித்தது. காற்று மேல்நோக்கி அடித்தது. கொம்பர் மேட்டின் கீழ்ப்பாதி ஒரே வீச்சில் பற்றிக்கொண்டது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த பெருங்கோடனும் அவர் குடும்பமும் தலைதெறிக்க ஓடிவந்து செம்மண்ணைத் தாண்டினார்கள். முள்ளாயி வளை வாசலில் குட்டிகளுக்குக் குறுக்கே முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள். சிலிர்த்து என்ன பயன், தீ முள்ளுக்குப் பயப்படுமா? ஆனாலும் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தீ செம்மண் வரைக்கும் வந்தது. அங்கே தின்ன ஒன்றுமில்லை. இங்குமங்கும் நாக்கை நீட்டிப் பார்த்தது, பிறகு தாழ்ந்து அணைந்தது. நாற்பது வளையிலும் ஒரு குட்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. முள்ளாயி குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்து அழுதுவிட்டாள்.

ஆனி மாதம் கற்களுக்குத் தேர்தல் என்று அறிவித்தார்கள். யார் வேண்டுமானாலும் நிற்கலாம், காடு முழுக்க ஓட்டுப் போடும், ஜெயிக்கிறவருக்கு மூன்று வருஷத்துக்கு ஒரு கல் சொந்தம். பெண்மான்கள் நின்றார்கள், கீரி நின்றது, கவையன் நின்றார். பெருங்கோடன் நிற்பாரா என்று காடே வேடிக்கையாகப் பேசிக்கொண்டது.

ஒருநாள் மாலை முள்ளாயியின் வளை வாசலில் இரண்டு பெரிய கொம்புகள் மண்ணில் இடித்தன. வாசல் தாழ்வு. பெருங்கோடன் முன்னங்காலை மடித்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்க்க முயன்றுகொண்டிருந்தார்.

“முள்ளாயி அம்மா, உள்ளே இருக்கிறீர்களா? ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறேன்.”

அவர் அவளை ‘நீங்கள்’ என்றது அதுதான் முதல் முறை. முள்ளாயி வெளியே வந்தாள். “எதுக்கு ஐயா உங்களுக்கு இந்தச் சிரமம்?”

“எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு கூட்டத்துக்கும் நான் வராமல் இருந்ததில்லை. ஆனால் யாருக்காக வருகிறேன் என்று இதுவரை யாரிடமும் கேட்டதுமில்லை. அந்தத் தீயன்று என் பிள்ளைகள் நான் வேண்டாம் என்ற மண்ணில் நின்றுதான் பிழைத்தார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்கவும்தான் வந்தேன்.”

முள்ளாயி ஓட்டுப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது பார்த்துப் போங்க ஐயா, கொம்பு இடிக்கும் என்று மட்டும் சொன்னாள்.

பெருங்கோடன் ஜெயித்தார். பன்னிரண்டில் கடைசி ஆளாக, நாலே ஓட்டு வித்தியாசத்தில்.

புதிய மேல்சபை கூடிய முதல் நாள் கீழ்சபையிலிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. எழுதியது முள்ளாயிதான். அடுத்த கோடைக்காக மேற்குச் சரிவிலும் புல்லை அகற்றி மண்ணாக்க வேண்டுமா என்பது கேள்வி. ஒவ்வொருவராக வேண்டும் என்றார்கள். பெருங்கோடன் முறை வந்தது.

“வேண்டாம்” என்றார்.

கீழே நின்றிருந்த முள்ளாயிக்கு முள் சிலிர்த்தது. மறுபடியுமா!

பெருங்கோடன் மேலே பேசினார். “நேற்றும் முந்தாநாளும் மேற்குச் சரிவு முழுக்க நடந்து பார்த்தேன். அங்கே இருக்கும் எலிகளிடமும் உடும்புகளிடமும் கேட்டேன். அது செங்குத்தான இடம். புல்லை எடுத்தால் ஐப்பசி மழையில் மண் சரிந்து அவர்கள் வளையை மூடிவிடும். அங்கிருக்கும் பாறைக்கு மேலே ஐம்பது முழம் தள்ளி, சமதரையில் எடுத்தால் தீயும் நிற்கும், மண்ணும் நிற்கும். கேள்வியைத் திருத்தி அனுப்புங்கள், நானே முதல் ஆளாக வேண்டும் என்கிறேன்.”

முள்ளாயி நம்பவில்லை. சபையை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு மேற்குச் சரிவுக்குப் போனாள். மண்ணைக் கிளறினாள், வேரைப் பிடித்து இழுத்தாள், எலிகளைக் கூப்பிட்டு விசாரித்தாள். திரும்பி வரும்போது அவள் முள்ளெல்லாம் படிந்திருந்தது.

“ஐயா சொல்றது சரிதான்” என்றாள். அதே இடத்தில் உட்கார்ந்து கேள்வியைத் திருத்தினாள். வாலப்பர் பன்னிரண்டு கற்களிலும் கேட்டார். பன்னிரண்டு பேரும் வாயைத் திறந்து பதில் சொன்னார்கள்.

எல்லோருக்காகவும் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பிறப்போடு வருவதில்லை. எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் அது வரும், நேரில் வந்து நின்று காரணம் சொன்னால்தான் அது நிலைக்கும்.